இரண்டு முறை தேர்வில் தவறிய குருவானவர்



கிரகோர் மெண்டல் என்ற பெயரைப் பள்ளி அறிவியல் பாடத்தில் படிக்காதவர்கள் நம்மில் மிகச் சிலரே. நெட்டைப் பட்டாணிச் செடி, குட்டைப் பட்டாணிச் செடி, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம், மரபியலின் தந்தை என்ற பட்டம், இவ்வளவும் பலருக்கு இன்றும் மனப்பாடமாக இருக்கும். அவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர், புனித அகுஸ்தினார் சபைத் துறவி என்பதும் ஓரளவு தெரிந்த செய்திதான். ஆனால் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு இரண்டு முறை சென்று, இரண்டு முறையும் தேறாமல் திரும்பியவர் அவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பேசுகிறவர்களும் பெரும்பாலும் மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். தோற்றார், விடாமல் முயன்றார், வென்றார் என்று. தேர்வில் தவறிய பிள்ளையின் தோளைத் தட்டிச் சொல்ல அது வசதியான கதை. உண்மையில் நடந்தது அப்படியல்ல. அந்தத் தேர்வில் அவர் கடைசிவரை தேறவே இல்லை. அவர் உயிரோடு இருந்தவரை அவருடைய பட்டாணி ஆராய்ச்சியை உலகம் கண்டுகொள்ளவும் இல்லை. அப்படியானால் தோல்விகளிலிருந்து அவர் பெற்றது என்ன? அதைத் தெரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இன்றைய செக் குடியரசில் உள்ள ஹின்சீட்ஸே என்ற சிற்றூரில் 1822ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவர் பிறந்தார். அன்று அது ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த பகுதி. வீட்டில் பேசிய மொழி ஜெர்மன். திருமுழுக்குப் பெயர் யோகான். தந்தை ஆன்டன் ஒரு குடியானவர். சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருந்தாலும், வாரத்தில் மூன்று நாள் பண்ணையாரின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டிய கட்டாயம் அன்றைய குடியானவர்களுக்கு இருந்தது. யோகானுக்கு ஒரு அக்கா, ஒரு தங்கை. அந்த ஊரின் பங்குத்தந்தை ஷ்ரைபர் பழமரம் வளர்ப்பதில் வல்லவர். நல்ல வகை மரங்களின் ஒட்டுக்குச்சிகளைப் பங்கு மக்களுக்குக் கொடுத்து, ஒட்டுக்கட்டவும் சொல்லிக்கொடுத்தார். செடிகளைப் பற்றிய முதல் பாடத்தை மெண்டல் கற்றது தந்தையின் தோட்டத்திலும் பங்குத்தந்தையின் கவனிப்பிலும்தான்.

படிப்பில் கெட்டிக்காரப் பையன் என்று கண்டு, வெளியூருக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். ஒபாவா நகரத்து உயர்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தார். முழு உணவுக்குப் பணம் கட்ட முடியாததால் அரை உணவுதான். 1838இல், வெட்டிய மரம் ஒன்று உருண்டு தந்தையின் மார்பில் விழுந்தது. அதன்பின் அவரால் முன்போல உழைக்க முடியவில்லை. அப்போது பதினாறு வயதான யோகான், சிறுவர்களுக்குத் தனிப்பாடம் நடத்தித் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டார். 1840இல் ஒலோமொட்ஸ் நகருக்கு மேற்படிப்புக்குப் போனபோது, அங்கே அவரை யாருக்கும் தெரியாது. சிபாரிசு செய்ய ஆள் இல்லை. தனிப்பாடம் நடத்த ஒரு வீடுகூடக் கிடைக்கவில்லை. கவலையிலும் பட்டினியிலும் படுத்த படுக்கையானார். படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்பி ஓர் ஆண்டு வீட்டிலேயே கிடந்தார்.

அவரை மறுபடியும் கல்லூரிக்கு அனுப்பியது தங்கை தெரேசியா. தன் திருமணத்துக்கென்று ஒதுக்கியிருந்த பங்கில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்புக்குக் கொடுத்தாள். அந்த நாளில் ஒரு குடியானவர் வீட்டுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அண்ணன் அதை மறக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு தங்கையின் மூன்று மகன்களையும் அவரே படிக்க வைத்தார். அவர்களில் இருவர் மருத்துவரானார்கள்.

1843இல் ஒலோமொட்ஸ் படிப்பு முடிந்தது. இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரையோடு, புர்னோ நகரில் இருந்த புனித தோமையார் மடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த துறவறப் பெயர்தான் கிரகோர். எந்த உந்துதலால் மடத்துக்கு வந்தார் என்பதைப் பின்னாளில் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் அவர் மூடி மறைக்கவில்லை. அன்றாடச் சோற்றுக்கான போராட்டத்திலிருந்து விடுபட வேண்டும் என்ற தேவையே தன் முடிவுக்குக் காரணம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். நம் இறை அழைத்தல் கூட்டங்களில் இப்படி ஒருவர் எழுந்து சொன்னால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எனக்கென்னவோ அந்த நேர்மைதான் அவருடைய பிற்கால வேலை முழுவதற்கும் அடித்தளம் என்று தோன்றுகிறது.

1847ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். முதல் பணி, மடத்தைச் சார்ந்த பங்கில் மேய்ப்புப் பணி. அருகில் இருந்த மருத்துவமனை நோயாளிகளைச் சந்திப்பதும் அதில் அடங்கும். அங்கேதான் முதல் பெரிய தோல்வி வந்தது. நோயாளிகளின் வேதனையைப் பார்க்கும்போது அவர் உள்ளம் கலங்கியது, கலக்கம் உடலைத் தாக்கியது, அவரே நோயாளியாகிவிட்டார். ஒரு புதிய குருவுக்கு இதைவிடச் சங்கடமான நிலை இருக்க முடியாது. நோயாளியின் அருகில் அமர முடியாத குரு என்றால் ஊர் என்ன பேசும்?

இந்த இடத்தில் மடத்து அதிபர் சிரில் நாப் என்பவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவர் மெண்டலைக் கடிந்துகொள்ளவில்லை. பக்குவம் வரட்டும் என்று அதே பணியில் விட்டுவைக்கவும் இல்லை. இவருக்கு இந்தப் பணி பொருந்தாது, படிப்பும் கற்பித்தலும் பொருந்தும் என்று கண்டு, ஆயருக்கு விளக்கம் எழுதி, 1849இல் ஸ்னோய்மோ நகரத்துப் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியராக அனுப்பினார். வகுப்பறையில் மெண்டல் வேறு மனிதரானார். மாணவர்களுக்கு அவரைப் பிடித்தது. பள்ளியும் நல்ல சான்று கொடுத்தது. ஒருவர் தவறிய இடத்தில், தவறியது ஆளா அல்லது அவரை நிறுத்திய இடமா என்று கேட்கத் தெரிந்த மேலதிகாரி கிடைப்பது பெரிய பேறு. அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

நிரந்தர ஆசிரியராக வேண்டுமானால் வியன்னாவில் நடக்கும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். 1850இல் மெண்டல் அந்தத் தேர்வுக்குச் சென்றார். இயற்கை வரலாற்றுப் பாடத்தில் அவருடைய விடைகள் தேர்வாளர்களுக்குத் திருப்தி தரவில்லை. பாலூட்டிகளை வகைப்படுத்தச் சொன்ன கேள்விக்கு, அறிவியலாளர்கள் வழங்கும் பெயர்களும் முறையான பகுப்பும் இல்லாமல், தனக்குத் தெரிந்த அன்றாடப் பேச்சில் எழுதியிருந்தார். தானாகவே புத்தகம் பார்த்துப் படித்தவரின் விடைத்தாள் அது. ஆர்வம் இருந்தது, உழைப்பு இருந்தது, முறையான பயிற்சி இல்லை. தேறவில்லை.

அந்தத் தோல்வியில் கோபப்பட ஒன்றும் இல்லை. தேர்வாளர்கள் அவருக்கு அநீதி செய்யவில்லை. குறை உண்மையாகவே இருந்தது. நல்ல வேளையாக அவர்களில் ஒருவரான இயற்பியலாளர் பௌம்கார்ட்னர், இவரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் படிக்க வையுங்கள் என்று யோசனை சொன்னார். அதிபர் நாப் அதை ஏற்றார். மடத்தின் செலவில் 1851 முதல் 1853 வரை மெண்டல் வியன்னா பல்கலைக்கழகத்தில் படித்தார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்களைப் பாருங்கள். ஒலி அலைகளின் ஏற்ற இறக்கத்தை விளக்கும் விதிக்குத் தன் பெயரைத் தந்திருக்கும் கிறிஸ்டியன் டாப்ளர் அவருக்குச் செய்முறை இயற்பியல் கற்பித்தார். எட்டிங்ஸ்ஹௌசன், பொருள்களை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று கணக்கிடும் கணிதத்தில் நூல் எழுதியவர். ஃப்ரான்ஸ் உங்கர், தாவரத்தின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். உயிரினங்கள் காலப்போக்கில் மாறி வந்தவை என்று துணிந்து சொன்னவர். சோதனையை முன்கூட்டியே திட்டமிடுவது, எண்ணிப் பார்ப்பது, எண்களுக்குள் ஒழுங்கைத் தேடுவது ஆகிய பழக்கங்கள் மெண்டலிடம் இங்கே வேர்விட்டன. செடிகளைக் கலப்பினம் செய்தவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். ஆனால் பிறந்த செடிகளை வகைவகையாகப் பிரித்து, தலைமுறை தலைமுறையாக எண்ணி, எண்களை இப்படிக் கணக்குப் போட்டவர் இல்லை. 1850இல் தட்டுத் தடுமாறித் தேறியிருந்தால், ஸ்னோய்மோவில் நிரந்தர ஆசிரியராக அமர்ந்திருப்பார்; வியன்னாவுக்குப் போயிருக்க மாட்டார்.

இதோடு கதை நின்றிருந்தால் அந்த மூன்று வரிக் கதை சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவர் 1856இல் மறுபடியும் வியன்னாவுக்குத் தேர்வு எழுதச் சென்றார். இந்த முறை படிப்பு இருந்தது, பயிற்சி இருந்தது, புர்னோ பள்ளியில் இரண்டு ஆண்டு கற்பித்த அனுபவமும் இருந்தது. தேர்வின் தொடக்கத்திலேயே நிலைகுலைந்து, உடல்நலம் கெட்டு, தேர்வை முடிக்காமல் ஊர் திரும்பினார். பழைய கலக்கம் மறுபடியும் வந்துவிட்டது. இந்தத் தோல்விக்கு எந்தப் பல்கலைக்கழகமும் மருந்தில்லை. அவர் மூன்றாம் முறை முயலவில்லை. 1868 வரை, பதினான்கு ஆண்டுகள், அந்தப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராகவே இருந்தார். நிரந்தரப் பணி இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஒரே பள்ளியில் உழைக்கிற ஆசிரியர்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். அந்தப் பதினான்கு ஆண்டுகளின் சுமையை அவர்கள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

அந்த 1856ஆம் ஆண்டுப் பருவத்தில்தான் மெண்டல் தம் பட்டாணிக் கலப்புகளைத் தொடங்கினார்.

மடத்துத் தோட்டத்தில் அவருக்குக் கிடைத்தது சுமார் 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலம். அதற்கு முன்பே விதை வணிகர்களிடமிருந்து 34 வகைப் பட்டாணி வாங்கி, இரண்டு ஆண்டுகள் வளர்த்துப் பார்த்து, தன் குணம் மாறாமல் வளரும் 22 வகைகளைத் தேர்ந்துவைத்திருந்தார். வேலை எப்படிப்பட்டது என்றால், பூ மலரும் முன்பே மொட்டைப் பிரிக்க வேண்டும். மகரந்தம் முதிருமுன் மகரந்தத் தாள்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். பிறகு வேறு செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவ வேண்டும். வண்டுகள் வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்து கெடுத்துவிடக் கூடாது. ஒரு பூவுக்கே இவ்வளவு. எட்டு ஆண்டுகளில் அவர் வளர்த்துப் பார்த்த செடிகள் ஏறத்தாழ 28,000.

விதையின் வடிவம் பற்றிய சோதனையில் 7,324 விதைகளை எண்ணினார். 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. நிறம் பற்றிய சோதனையில் 8,023 விதைகள். 6,022 மஞ்சள், 2,001 பச்சை. இரண்டிலும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. பெற்றோரிடமிருந்து வரும் பண்புகள் சாயம்போலக் கலந்து கரைந்துவிடுவதில்லை. தனித்தனி அலகுகளாகவே கடந்து போகின்றன. ஒரு தலைமுறையில் மறைந்தது அடுத்ததில் அப்படியே திரும்பி வரலாம் என்பதை இந்த எண்கள் காட்டின.

இந்த எண்களுக்கு நடுவே நான் மிகவும் விரும்பிப் படித்த ஒரு சிறிய இடம் உண்டு. பாடப்புத்தகத்தில் வராதது. காயின் நிறத்தைச் சோதித்தபோது, நூறு செடிகளில் சுமார் 67 செடிகள் கலப்புப் பண்போடும், 33 தூய பண்போடும் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கிடைத்தது 60க்கு 40. கணக்கோடு ஒத்துவரவில்லை. அவர் அதைச் சரிப்படுத்தி எழுதவில்லை, மறைக்கவும் இல்லை. அந்தச் சோதனையை முழுவதுமாக மறுபடியும் செய்தார். 65க்கு 35 வந்தது. கட்டுரையில் இரண்டு முடிவுகளையும் அச்சிட்டார். ஒத்துவராத எண்ணை யாரும் கேட்கப் போவதில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் இப்படி எழுதியவர் அவர்.

1865ஆம் ஆண்டு பிப்ரவரி 8, மார்ச் 8 ஆகிய இரு நாள்களிலும் புர்னோ இயற்கை ஆய்வுக் கழகக் கூட்டத்தில் தம் ஆராய்ச்சியை விளக்கினார். வந்திருந்தவர்கள் சுமார் நாற்பது பேர். கேட்டார்கள், கலைந்து போனார்கள். தாவரங்களைப் பற்றிய பேச்சில் இவ்வளவு கணக்கு எதற்கு என்று பலருக்குப் புரிந்திருக்காது. 1866இல் கழகத்தின் இதழில் கட்டுரை வெளிவந்தது. அந்த இதழ் ஐரோப்பாவிலும் வெளியிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களுக்கும் கழகங்களுக்கும் சென்றது. தனியாக நாற்பது பிரதிகள் எடுத்து, பெயர்பெற்ற அறிஞர்கள் சிலருக்கு மெண்டல் அனுப்பிவைத்தார். அவர்களில் நீண்ட கடிதத் தொடர்பு வைத்தவர் மியூனிக் நகரத் தாவரவியல் பேராசிரியர் கார்ல் நேகெலி ஒருவர்தான்.

நேகெலி அவரைப் புறக்கணித்தார் என்று சொல்வது சரியல்ல. ஏழு ஆண்டுகள் கடிதம் எழுதினார், செடிகள் அனுப்பினார். ஆனால் பட்டாணி முடிவுகளின் ஆழத்தை அவர் உணரவில்லை. மெண்டல் 140 பொட்டலங்களில் விதைகளைக் குறிப்போடு அனுப்பி, நீங்களே விதைத்துச் சரிபாருங்கள் என்றார். அதற்குப் பயன் விளையவில்லை. நேகெலியின் மனம் முழுவதும் ஹைரேசியம் என்ற மஞ்சள் பூச் செடியில் இருந்தது. அதில் சோதனை செய்யுமாறு மெண்டலுக்கு ஊக்கம் கொடுத்தார். பட்டாணியில் கண்ட விதி மற்ற செடிகளிலும் பொருந்துமா என்று பார்க்க மெண்டலுக்கும் ஆசை இருந்தது.

வந்தது வினை. ஹைரேசியத்தின் பூ என்று நாம் பார்ப்பது உண்மையில் பல நுண்ணிய பூக்களின் கொத்து. ஒவ்வொரு நுண்பூவுக்குள்ளும் ஊசிமுனை நுழைத்து மகரந்தத்தை அகற்ற வேண்டும். வெளிச்சத்தைக் குவிக்கக் கண்ணாடியும் உருப்பெருக்கு வில்லையும் வைத்து மணிக்கணக்கில் குனிந்து வேலை செய்ததில், 1869இல் கண்கள் கெட்டுப்போய்ச் சில மாதங்கள் வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. அத்தனை பாடுபட்டும் கிடைத்த முடிவு பட்டாணிக்கு நேர்மாறு. பட்டாணியில் முதல் தலைமுறை ஒரே மாதிரி இருந்தது. அடுத்ததில் பண்புகள் பிரிந்தன. ஹைரேசியத்தில் முதல் தலைமுறையே பலவிதமாக இருந்தது; அடுத்த தலைமுறை தாயைப் போலவே மாறாமல் வந்தது. எட்டு ஆண்டு உழைத்துக் கண்ட விதியை, அடுத்த செடியே பொய்யாக்குவதுபோல நின்றது.

ஏன் அப்படி? அந்தச் செடிகளில் பல, மகரந்தச் சேர்க்கை இல்லாமலே தாயின் திசுவிலிருந்து விதை உண்டாக்குகின்றன. பிறப்பது தாயின் நகல். டென்மார்க் நாட்டுத் தாவரவியலாளர்கள் இதை வெளிப்படுத்தியது 1903, 1904 ஆண்டுகளில். மெண்டலின் காலத்தில் அது யாருக்கும் தெரியாது. அவர் கையாண்ட முறையில் பிழையில்லை, கவனத்திலும் குறையில்லை. இந்தக் கேள்விக்கு அந்தச் செடி பொருந்தாது, அவ்வளவுதான். நோயாளிகளின் படுக்கையருகே அவருக்கு நேர்ந்தது இங்கே செடிக்கு நேர்ந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் இந்த முறை இடம் மாற்றிவிட நாப் இல்லை. அவர் 1867இலேயே இறந்துவிட்டார்.

மெண்டல் என்ன செய்தார்? 1869இல் அதே புர்னோ கழகத்தில், தமக்கு எதிரான அந்த முடிவை அப்படியே வாசித்தார். பட்டாணியில் கண்டதற்கு இது மாறாக இருக்கிறது என்று எழுதி, அச்சிலும் கொண்டுவந்தார்.

1868இல் உடன்துறவிகள் அவரை நாப்பின் இடத்துக்கு மடத்து அதிபராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பொறுப்புகள் குவிந்தன. பள்ளியை விட்டார், தோட்டத்துக்கும் நேரம் குறைந்தது. தேனீக்களையும் வளர்த்தார். அங்கேயும் கலப்பினம் செய்ய முயன்றார். ராணித் தேனீ பறக்கும்போது இணைசேர்வதால் எதனோடு சேர வேண்டும் என்று கட்டுப்படுத்த முடியவில்லை. வானிலையைக் குறிப்பதில் மட்டும் இறுதிவரை தளரவில்லை. 1870இல் புர்னோவைத் தாக்கிய சுழற்காற்று மடத்துச் சன்னல்களையும் உடைத்துச் சென்றபோது, அதன் போக்கைத் துல்லியமாகக் கவனித்து ஒரு கட்டுரையே எழுதினார்.

இனி நான் சொல்லப்போவதைச் சில வாசகர்கள் விரும்பாமல் போகலாம். 1874இல் ஆஸ்திரிய அரசு, பங்குக் குருக்களின் ஊதியத்துக்கான நிதியைப் பெருக்க, மடங்களின் சொத்துமீது வரி விதித்தது. மற்ற மடங்கள் முணுமுணுத்தாலும் கட்டின. மெண்டல் மறுத்தார். இது சட்டத்துக்கு முரணானது, மடத்தின் உரிமையில் கைவைப்பது என்று மனுமேல் மனு எழுதினார். அரசு மடத்தின் நிலங்களிலிருந்து வந்த வருமானத்தைக் கைப்பற்றியது. சமரசம் பேசிய நண்பர்களையும் சந்தேகித்தார். மடத்திலேயே அவருக்கும் மற்றவர்களுக்கும் இடைவெளி விழுந்தது. பத்து ஆண்டுகள் இப்படி. கொள்கைப் பிடிப்பு என்று இதைப் பாராட்டுவோர் உண்டு. ஆனால் தோட்டத்தில் 60க்கு 40 வந்தபோது, மறுபடியும் செய்து பார்ப்போம் என்று சொன்ன மனிதரை இந்த மனுக்களில் காண முடியவில்லை. ஒவ்வொரு மறுப்பும் அவருக்குத் தாம் செய்வது சரி என்பதற்குச் சான்றாகவே பட்டது. அவர் இறந்தபின் பொறுப்பேற்ற அதிபர் அரசோடு ஒத்துப்போய் விவகாரத்தை முடித்துவைத்தார். ஒரு மனிதர் ஓர் அறையில் கற்றுக்கொண்ட பாடத்தை அடுத்த அறைக்கு எடுத்துச் செல்வார் என்பது நிச்சயமில்லை. மெண்டலைப் புனிதப்படுத்த விரும்பும் நாம் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சிறுநீரக நோயால் உடல் வீங்கி, 1884ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், திருக்காட்சித் திருநாளன்று அவர் இறந்தார். வயது 61. அடக்கத் திருப்பலிக்கு இசை நடத்தியவர் புர்னோவைச் சேர்ந்த இளம் இசைக்கலைஞர் லியோஷ் யானாசெக். பின்னாளில் அவரும் உலகப் புகழ் பெற்றார். கூடிநின்ற மக்கள் ஏழைகளுக்கு உதவிய ஒரு நல்ல மடத்து அதிபரை வழியனுப்பினார்கள். ஓர் அறிவியல் மேதையை அடக்கம் செய்கிறோம் என்ற எண்ணம் அங்கே யாருக்கும் இருந்திருக்காது. அதே 1884இல் நேகெலி மரபு பற்றித் தாம் எழுதிய பெரிய நூலை வெளியிட்டார். அதில் மெண்டலின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1900ஆம் ஆண்டு, ஹாலந்து நாட்டு ஹியூகோ டி விரீஸ், ஜெர்மனியின் கார்ல் கோரன்ஸ், ஆஸ்திரியாவின் எரிக் ஷெர்மாக் ஆகியோர் தனித்தனியே இதே வகைச் சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். பழைய இதழ்களைப் புரட்டியவர்கள், 34 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு துறவி இதைச் செய்து முடித்திருப்பதைக் கண்டார்கள். கோரன்ஸ் தம் கட்டுரையின் தலைப்பிலேயே மெண்டலின் பெயரை வைத்தார். 1910இல் பல நாட்டவர் தந்த பணத்தில் புர்னோவில் அவருக்குப் பளிங்குச் சிலை எழுந்தது.

ஆனால் அவர் எப்படி வேலை செய்தார் என்று அறிய விரும்பியவர்களுக்கு ஏமாற்றமே காத்திருந்தது. அவர் இறந்தபின் மடத்தில் இருந்த சோதனைக் குறிப்பேடுகளில் பெரும்பாலானவை அழிந்துபோயிருந்தன. பட்டாணியைப் பற்றி அச்சான அந்த ஒரு கட்டுரைதான் மிஞ்சியது. கோரன்ஸ், நேகெலியிடம் படித்தவர். நேகெலியின் உறவுப் பெண்ணை மணந்தவர். அந்தக் குடும்பத்தாரிடமிருந்த பழைய தாள்களில் மெண்டல் நேகெலிக்கு எழுதிய பத்துக் கடிதங்கள் கிடைத்தன. 1905இல் கோரன்ஸ் அவற்றை அச்சிட்டார். எந்தச் செடியை எப்போது நட்டார், எது பட்டுப்போனது, கண் எப்போது கெட்டது, அதிபர் பொறுப்பு எவ்வளவு நேரத்தைத் தின்றது, எந்த முடிவு அவருக்கே புரியவில்லை என்பதெல்லாம் அவர் கைப்பட எழுதியபடி அவற்றில் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி ஹைரேசியத்தைப் பற்றியது.